மதுரை, சென்னைப் பத்திரிகைகளில் விளையாட்டு நிருபர் வேலை: நம்ம ராமநாதபுரம் கரைப் பிள்ளைகளுக்கு வழி எது?

உச்சிப்புளி_வாசகன்
சித்தப்பா மகன் ராமநாதபுரம் சேதுபதி அரசுக் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறான். சென்னையில் பெரிய நாளிதழ் ஒன்றில் விளையாட்டு நிருபர் ஆகணும் என்று ஒரே பிடியாக நிற்கிறான். ஐ.பி.எல். ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் ஃபேஸ்புக்கில் நீளமாக எழுதுகிறான், எழுத்து நன்றாகவே இருக்கிறது. இதழியல் படிக்க வைக்கலாமா, நேரே வேலைக்கு முயலச் சொல்லலாமா? சம்பளம், வேலை நேரம், முன்னேற்றம் எல்லாம் எப்படி? உள்ளே இருப்பவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

ராத்திரி_டெஸ்க்
வெளியே இருந்து பார்த்தால் விளையாட்டுப் பிரிவு என்பது சேப்பாக்கம் பிரஸ் பாக்ஸ்தான். உள்ளே ஆள் கணக்கு எடுத்தால் நிருபர்களைவிட டெஸ்க் ஆட்கள் அதிகம். செய்தி நிறுவனங்கள் அனுப்பும் செய்தி (ஏஜென்சி காப்பி) ஆங்கிலத்தில் வரும். அதைத் தமிழில் எழுதுவது, தலைப்பு போடுவது, படம் தேர்வது, ஸ்கோர் கார்டைச் சரிபார்ப்பது, பக்கம் கட்டும் பேஜ் மேக்கரின் அருகில் உட்கார்ந்து பக்கத்தை முடிப்பது எல்லாம் உதவி ஆசிரியர் வேலை. புதிதாக ஆள் எடுப்பதும் பெரும்பாலும் இதற்குத்தான். "நிருபர் வேலைதான் வேண்டும்" என்று தம்பி பிடிவாதம் பிடித்தால் பாதிக் கதவு அங்கேயே மூடிவிடும்.

படிநிலை ஏறக்குறைய இப்படி இருக்கும்: பயிற்சி உதவி ஆசிரியர், உதவி ஆசிரியர், முதுநிலை உதவி ஆசிரியர், தலைமை உதவி ஆசிரியர், அதற்கு மேல் விளையாட்டுப் பிரிவின் பொறுப்பாசிரியர். பெயர் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கடைசி நாற்காலி ஒன்றே ஒன்றுதான், அதில் இருப்பவர் ஓய்வு பெறும் வரை காலியாகாது. அதனால் பலர் பத்து வருஷத்துக்குப் பிறகு பொதுச் செய்தி டெஸ்க்குக்கோ இணையதளப் பிரிவுக்கோ டிவிக்கோ மாறிவிடுகிறார்கள். இதைத் தெரிந்துகொண்டு வருவது நல்லது.

நுழைவுத் தேர்வில் பொதுவாக ஒரு ஆங்கில ஏஜென்சி காப்பியைக் கொடுத்துத் தமிழில் எழுதச் சொல்வார்கள், மூன்று தலைப்பு கேட்பார்கள், பொது அறிவு கொஞ்சம் இருக்கும். ஃபேஸ்புக்கில் நீளமாக எழுதுகிறவர்கள் தடுமாறுவது அளவில்தான். 600 சொல் காப்பியை 180 சொல்லில் கேட்டால், முதல் நாலு பத்தியை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுகிறார்கள். முடிவைத் தீர்மானித்த விஷயம் எட்டாவது பத்தியில் கிடந்திருக்கும்.

கீழக்கரை_காக்கா
டெஸ்க் சொல்வதில் ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. எல்லாரையும் டெஸ்க்குக்குள் தள்ளினால் களத்துக்கு யார் போவது? பெயர் எடுத்தவர்களைப் பாருங்கள். 'தி இந்து'வில் ஹாக்கி என்றால் எஸ்.தியாகராஜன், டென்னிஸ் என்றால் நிர்மல் சேகர். ஆளுக்கு ஒரு ஆட்டத்தை வருஷக்கணக்கில் விடாமல் பிடித்தார்கள். தம்பி எழுதும் ஐ.பி.எல்.லை நாட்டில் ஆயிரம் பேர் எழுதுகிறார்கள், ஏஜென்சியும் கொடுக்கிறது. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் நடக்கும் கால்பந்தையோ, பரமக்குடிப் பக்கத்து ராத்திரி கபடியையோ முறையாக எழுதத் தெரிந்தவர் எத்தனை பேர்?

ராத்திரி_டெஸ்க்
காக்கா, அவர்கள் எழுதியது ஆங்கிலத்தில், தனிப் பெயர் போடும் பத்திரிகையில். தமிழ் நாளிதழ் விளையாட்டுப் பக்கத்தில் பெரும்பாலும் 'நமது நிருபர்' என்றுதான் வரும், ஆள் பெயர் வாசகருக்குத் தெரியாது. ஆனால் ஒரு ஆட்டத்தைச் சொந்தமாக்கிக்கொள்ள வேண்டும் என்பது சரி. டெஸ்க்கில் இருந்துகொண்டே அதைச் செய்யலாம். கபடி புரிந்தவர் என்று பெயர் எடுத்தால் புரோ கபடி சீசனில் உங்களைத்தான் களத்துக்கு அனுப்புவார்கள்.

உச்சிப்புளி_வாசகன்
ஸ்கோர் கார்டு சரிபார்ப்பது என்றால் என்ன செய்வார்கள், அண்ணே? இணையத்தில் இருப்பதை எடுத்துப் போடுவதுதானே?

ராத்திரி_டெஸ்க்
எடுத்துப் போடுவதில்தான் பிழை வருகிறது. ஒரு உதாரணம் வைத்துக்கொள்ளுங்கள். 20 ஓவரில் 7 விக்கெட்டுக்கு 160. பேட்ஸ்மேன்கள் எடுத்தது கூட்டினால் 148. உதிரி 12: பை 1, லெக் பை 3, வைடு 7, நோ பால் 1. இரண்டும் சேர்ந்து 160, சரி.

அடுத்தது பந்துவீச்சு. வைடும் நோ பாலும் பந்துவீச்சாளர் கணக்கில் ஏறும், பையும் லெக் பையும் ஏறாது. ஆகவே பந்துவீச்சாளர்கள் கொடுத்த ரன்களைக் கூட்டினால் 160 வரக்கூடாது, 156 வர வேண்டும். விக்கெட்டில் ஒருவர் ரன் அவுட் என்றால் பந்துவீச்சாளர்கள் கணக்கில் 6தான் இருக்க வேண்டும். ஓவரைப் புள்ளி வைத்துக் கூட்டாதீர்கள். 3.4ஐ 22 பந்து என்று மாற்றிக் கூட்டுங்கள். கடைசியாக, பேட்ஸ்மேன்கள் சந்தித்த பந்துகளின் கூட்டுத்தொகை 120 இல்லை, 121. நோ பால் பேட்ஸ்மேன் சந்தித்த பந்தாகக் கணக்காகும், வைடு ஆகாது. இவை எல்லாம் ஒத்தால் கார்டு சரி. பழகிவிட்டால் இரண்டு நிமிஷ வேலை.

கபடிக்கும் இப்படி உண்டு. ரெய்டு புள்ளி (போனஸ் சேர்த்து), டேக்கிள் புள்ளி, ஆல் அவுட், கூடுதல் புள்ளி இந்த நாலும் சேர்ந்தால் மொத்தம். ஆல் அவுட்டுக்கு 2 என்பதால் அந்தக் கட்டத்தில் ஒற்றைப்படை எண் வந்தால் எங்கோ தப்பு. தடுக்கும் அணியில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால் சூப்பர் டேக்கிள், அதற்கு 2. உள்ளூர் ஆட்டங்களில் ஸ்கோரர் இதற்கு 1 என்று போட்டுவிட்டுப் பிறகு திருத்துவது வழக்கம், ஆகவே திருத்திய தாளைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். போனஸ் கோடு செல்லுபடியாக எதிரே குறைந்தது 6 பேர் இருக்க வேண்டும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

இன்னொரு தொல்லை எழுத்துரு. சில அலுவலகங்களில் இன்னும் பழைய எழுத்துருக்களில்தான் பக்கம் கட்டுகிறார்கள். யூனிகோடில் அடித்ததை மாற்றும்போது நடுவில் ஆங்கில எழுத்து இருந்தால் அது சம்பந்தமே இல்லாத தமிழ் எழுத்தாக மாறி அச்சாகிவிடும். எண் தப்பிக்கும், 'எல்.பி.டபிள்யு.'வை ஆங்கிலத்தில் விட்டவர் மாட்டிக்கொள்வார். மாற்றிய பிறகு ஒரு தடவை தாளில் எடுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பி.இ.டி_மாஸ்டர்
பள்ளி, கல்லூரிப் போட்டிகளுக்கு வரும் நிருபர்களுக்கு ஒரு வேண்டுகோள். குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்ற வரிசையைக் குழப்பாதீர்கள். குறுவட்டத்தில் ஜெயித்த பிள்ளையை 'மாவட்ட முதலிடம்' என்று போட்டுவிட்டால், அடுத்த வாரம் மாவட்டப் போட்டியில் ஜெயித்த பிள்ளையின் அப்பா பேப்பரும் கையுமாக வந்து நிற்பார். பாரதியார் தினப் போட்டி வேறு, குடியரசு தினப் போட்டி வேறு. வயதுப் பிரிவு (14, 17, 19) கட்டாயம் வேண்டும்.

தடகளத்தில் நேரம் எப்படி எடுத்தார்கள் என்று கேளுங்கள். ஸ்டாப்வாட்ச் என்றால் 11.23 என்று எழுதக்கூடாது. மேல்நோக்கிப் பத்தில் ஒரு பங்குக்குக் கொண்டுபோய் 11.3 என்றுதான் போட வேண்டும். மின்னணு நேரம் என்றால்தான் நூறில் ஒரு பங்கு. இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்துச் 'சாதனை' என்பது சரியில்லை.

நம் ஊருக்கு முக்கியமானது காற்று. 100 மீட்டர், 200 மீட்டர், நீளம் தாண்டுதல், மும்முறைத் தாண்டுதல், குறுந்தூரத் தடை ஓட்டம் இவற்றில் பின்னாலிருந்து வரும் காற்று நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் அந்தப் பதிவு சாதனையாக ஏறாது. கச்சான் (மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் மண்டபம், பாம்பன் பக்கம் ஒரு மைதானத்தில் ஓடினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஓட்டங்களுக்குக் காற்றுமானி முடிவுக் கோட்டிலிருந்து 50 மீட்டரில், 1.22 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அது இல்லாத போட்டியில் 'புதிய சாதனை' என்று எழுதாமல் 'முதலிடம்' என்று எழுதிவிட்டு வாருங்கள்.

சாயல்குடி_ரேக்ளா
எல்லாரும் கிரிக்கெட், கபடி என்கிறீர்கள். கடலாடி, சாயல்குடி, முதுகுளத்தூர் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயச் செய்திதான் மாவட்டப் பக்கத்தில் அதிகம் வரும். அதை எழுதவும் முறை உண்டு. பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு, இதில் எந்தப் பிரிவு, போக வர எத்தனை மைல், எத்தனை ஜோடி ஓடியது என்பது முதல் பத்தியில் வர வேண்டும். ஒரு ஜோடியில் இரண்டு மாடும் இரண்டு ஊர்க்காரருடையதாக இருக்கலாம். பெயரைக் கமிட்டி மைக்கில் சொல்வதைக் கேட்டு எழுதினால் ஒரு ஊர் விட்டுப்போகும். பதிவு நோட்டைப் பார்த்து, சாரதி பெயரையும் சேர்த்து எழுதுங்கள். முதல் மூன்று இடம் மட்டும் போதாது. கமிட்டி எத்தனை பரிசு வைத்ததோ அத்தனையும் வேண்டும்.

தொண்டிப் பக்கத்துப் பாய்மரப் படகுப் போட்டியும் அப்படித்தான். படகுக்கு எத்தனை ஆள், மிதவை எங்கே, எத்தனை கடல் மைல், காற்று எந்தப் பக்கம், இவ்வளவும் இருந்தால்தான் அது விளையாட்டுச் செய்தி. "மீனவர்கள் உற்சாகமாகக் கலந்துகொண்டனர்" என்று எழுதிவிட்டுப் போனால் திருவிழாச் செய்தி. காற்று நடுவில் விழுந்தது, அதனால் பின்னால் வந்த படகு முந்தியது என்று ஒரு வரி எழுத அந்த ஆளுக்கு வாடைக்கும் கச்சானுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். சென்னையில் பிறந்து வளர்ந்த நிருபருக்கு இது கிடைக்காது. தம்பிக்குச் சும்மாவே கிடைத்திருக்கிறது.

உச்சிப்புளி_வாசகன்
இதெல்லாம் சென்னைப் பத்திரிகைக்குப் பயன்படுமா என்ன?

கீழக்கரை_காக்கா
பாக் நீரிணை நீச்சலையே எடுத்துக்கொள்ளுங்கள். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு, சுமார் 30 கிலோமீட்டர். யாராவது நீந்தி அரிச்சல்முனையில் கரையேறினால் அன்று தேசியச் செய்தி. அனுப்பப்படும் குறிப்பில் 'முதன்முறையாக' என்று இருக்கும், பத்திரிகையும் அப்படியே போடும். 1954-லேயே இலங்கையின் நவரத்தினசாமி நீரிணையைக் கடந்திருக்கிறார். 1966-ல் மிஹிர் சென். 1994-ல் குற்றாலீஸ்வரன், அப்போது அவருக்கு வயது 12. ஆகவே 'முதல்' என்று வந்தால் எதில் முதல் என்று கேட்க வேண்டும்: வயதிலா, பெண்களிலா, இரு வழியிலா, தொடர் நீச்சலா. கடலில் இறங்கிய நேரம், கரை தொட்ட நேரம், கூட வந்த படகில் பார்வையாளராக இருந்தது யார், இடையில் படகைத் தொட்டாரா, உடலை மூடும் நீச்சல் உடை போட்டாரா, இந்த ஐந்தும் கேட்டு எழுதுகிறவர் கரையிலேயே இருக்கிறார் என்று தெரிந்தால் சென்னை டெஸ்க் அவருடைய எண்ணை எடுத்து வைத்துக்கொள்ளும்.

ராத்திரி_டெஸ்க்
காக்கா சொல்வது நூற்றுக்கு நூறு. நிருபரை டெஸ்க் நம்புவது இப்படித்தான் ஆரம்பிக்கும்.

பழைய_பகுதிநேரம்
சம்பளம் பற்றி யாரும் பேசவில்லை, நானே சொல்கிறேன். மாவட்டத்தில் 'விளையாட்டு நிருபர்' என்று தனிப் பதவி கிடையாது. பகுதி நேர நிருபர் விபத்து, கலெக்டர் ஆபீஸ், கோயில் திருவிழா, கபடி எல்லாவற்றையும் எழுதுவார். பல இடங்களில் வந்த செய்தியைச் சென்டிமீட்டர் கணக்கில் அளந்து காசு, சில நிறுவனங்களில் மாதம் ஒரு சிறு தொகை. விளம்பரம் பிடித்துத் தரும் வேலையும் கூடவே ஒட்டிக்கொள்ளும். இதை வருமானம் என்று நினைத்து இறங்கக்கூடாது. செய்தி அனுப்பிப் பழகும் இடம், அவ்வளவுதான்.

நகரத்தில் சேரும்போது நியமன உத்தரவைப் படிக்கச் சொல்லுங்கள். நிரந்தரமா, ஒப்பந்தமா? ஒப்பந்தம் என்றால் எத்தனை மாதம், பி.எஃப். உண்டா, பதவிப் பெயரில் 'உதவி ஆசிரியர்' என்று இருக்கிறதா? பத்திரிகை ஊழியர்களுக்கான மஜீதியா ஊதியக் குழுப் பரிந்துரை 2011 நவம்பரில் அரசாணையானது, 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. ஆனாலும் ஒப்பந்த முறையில் எடுத்தால் அந்தக் கணக்கு வராது என்று சொல்லிச் சேர்க்கும் இடங்கள் இருக்கின்றன. வேலை நேரத்துக்குப் பத்திரிகையாளர்களுக்கான 1955-ம் வருஷச் சட்டம் வைத்த வரம்பு நாலு வாரத்துக்கு 144 மணி. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அதே 144தான். உலகக் கோப்பை மாதத்தில் யாரும் அதைப் பார்த்து வேலை செய்வதில்லை என்பது வேறு விஷயம்.

படிப்பு விஷயம்: எந்தப் பட்டமும் போதும். இதழியல் படிப்பு தரும் பெரிய லாபம் அங்கே கிடைக்கும் பயிற்சிக் காலமும் பழக்கமும்தான். மதுரை காமராசர் பல்கலையிலும் சென்னைப் பல்கலையிலும் துறை இருக்கிறது. ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் ஒரு வருஷப் பட்டயம், ஆங்கிலத்தில், கட்டணம் அதிகம். பையனுக்கு ஆங்கிலத்தில் எழுத வராது என்றால் அங்கே போட்டுக் காசைக் கரைக்காதீர்கள். கல்லூரியில் இருக்கும்போதே விகடன் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் போன்றவற்றுக்கு விண்ணப்பிக்கலாம். கடைசி வருஷம் முடிந்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

உச்சிப்புளி_வாசகன்
நன்றிண்ணே. ராத்திரி வேலை பற்றியும் யாராவது சொல்லுங்கள். சித்தி அதற்குத்தான் பயப்படுகிறார்.

ராத்திரி_டெஸ்க்
பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. மதியம் மூன்று, நாலு மணிக்கு உள்ளே போனால் நள்ளிரவு தாண்டி வெளியே வரும் வேலை. வார விடுமுறை ஞாயிற்றுக்கிழமை கிடைக்காது, ஆட்டங்கள் அன்றுதான் அதிகம்.

ஒரு இரவு ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஐ.பி.எல். 7.30-க்குத் தொடங்கி ஓவர் தாமதம் சேர்த்து 11.15 வாக்கில் முடியும். மதுரையில் அச்சாகி ராமேஸ்வரம் வரை 170 கிலோமீட்டர் போக வேண்டிய பதிப்பு அதற்கு முன்பே முடிந்தாக வேண்டும். நம் ஊர்க் கடையில் காலையில் வாங்கும் பேப்பரில் 'ஆட்டம் தொடர்கிறது' என்ற பாணியில் முதல் இன்னிங்ஸ் மட்டும் இருப்பது இதனால்தான், நிருபர் தூங்கிவிட்டதால் இல்லை. மதுரை நகர்ப் பதிப்பில் அதே பக்கத்தில் முடிவு இருக்கும்.

ஆக ஒரே ஆட்டத்துக்கு இரண்டு காப்பி. இடைவேளையில் 150 சொல் தயாராக இருக்க வேண்டும், அது முதல் பதிப்புக்கு. சேஸிங்கில் 15-வது ஓவர் வரும்போது இரண்டு முகப்பு (செய்தியின் தொடக்கப் பத்தி) எழுதி வைத்துக்கொள்வார்கள், ஒன்று இந்த அணி ஜெயித்தால், இன்னொன்று தோற்றால். நடுப்பகுதி இரண்டுக்கும் பொது. கடைசிப் பந்து விழுந்ததும் வேண்டாத முகப்பை அழித்துவிட்டு எண்ணை மட்டும் நிரப்பி அனுப்ப வேண்டும். அழிக்க மறந்து இரண்டும் பக்கத்தில் ஏறிய கதை எல்லா அலுவலகத்திலும் உண்டு. அதனால் இரண்டையும் ஒரே கோப்பில் வைக்காமல் தனித்தனிக் கோப்பாக வைப்பது நல்ல பழக்கம். மழை வந்தால் மூன்றாவது முகப்பும் வேண்டும், டக்வொர்த் லூயிஸ் ஸ்டெர்ன் முறை இலக்கு எந்த ஓவரில் மாறியது என்பதோடு.

களத்துக்குப் போவதற்கு அங்கீகாரம் தனி ஆளுக்குக் கிடைக்காது. தொடருக்குத் தொடர் பத்திரிகை நிறுவனத்தின் கடிதத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். ஒலிம்பிக்குக்கு இந்திய ஒலிம்பிக் சங்கம் வழியாக, ஒரு வருஷத்துக்கும் மேல் முன்கூட்டியே. எழுதுகிறவருக்கு ஒரு வகை அட்டை, புகைப்படக்காரருக்கு வேறு வகை. ஆகவே முதல் சில வருஷம் டிவி பார்த்து எழுதுவதற்கும் தயாராக வரச் சொல்லுங்கள்.

பாம்பன்_லென்ஸ்
படத்தை யாரும் சொல்லவில்லையே. மாவட்டத்திலிருந்து வரும் விளையாட்டுச் செய்தி பக்கத்தில் ஏறுவதும் விழுவதும் பாதி படத்தால்தான். கோப்பையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கும் படம் மாவட்டப் பக்கத்துக்கு. விளையாட்டுப் பக்கத்துக்கு ஆட்டப் படம் வேண்டும்.

ராத்திரி கபடிக்கு ஷட்டர் 1/800-லிருந்து 1/1000, அப்பர்ச்சர் 2.8, ஐ.எஸ்.ஓ. 3200 முதல் 6400. கம்பத்து விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுக்கும், கண்ணுக்குத் தெரியாது. தொடர்ந்து எடுத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரும். கேமராவில் ஃப்ளிக்கர் குறைக்கும் வசதி இருந்தால் போடுங்கள். மூன்று காலம் (பத்தி) அகலப் படம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர், அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் 1,420 பிக்சல் அகலம் போதும். அதற்கு மேல் பெரிதாக அனுப்பி நெட் சுற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

கடல் பக்கத்துப் போட்டியில் லென்ஸ் மேல் உப்பு படியும். உலர்ந்த துணியால் துடைத்தால் கீறிவிடும். முதலில் ஊதி, பிறகு லேசாக ஈரமான மைக்ரோஃபைபர் துணி.

உச்சிப்புளி_வாசகன்
கடைசியாக ஒன்று. விண்ணப்பத்தோடு எதை அனுப்பச் சொல்லலாம்? ஃபேஸ்புக் பதிவுகளையே அனுப்பலாமா?

ராத்திரி_டெஸ்க்
வேண்டாம். ஐந்து மாதிரி போதும். ஒரு உள்ளூர்க் கபடி இறுதி ஆட்டம், 150 சொல், புள்ளிக் கணக்கு சரிபார்த்தது. ஒரு ஆங்கில ஏஜென்சிச் செய்தியின் தமிழ் வடிவம், மூலத்தோடு. ஒரு மாட்டுவண்டிப் பந்தயமோ படகுப் போட்டியோ, சாயல்குடிக்காரர் சொன்ன முறையில். ஒரு பேட்டி. அப்புறம் ஆட்ட முடிவைச் சொல்லாத ஒரு செய்தி: மாவட்ட விளையாட்டரங்கில் எந்தெந்த ஆட்டத்துக்குப் பயிற்சியாளர் இல்லை என்பது மாதிரி. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும், கல்லூரி முடிவதற்குள் வந்துவிடும். ஐந்தில் இதைத்தான் முதலில் படிப்பார்கள்.

பாம்பன்_லென்ஸ்
கபடி மாதிரிக்குப் படமும் சேருங்கள், இடமிருந்து வலமாகப் பெயரோடு. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாகுமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவாக அனுப்பினால் அமுக்கிவிடும், அச்சில் கூழாகிப் போகும்.

பி.இ.டி_மாஸ்டர்
வர்ற மாதம் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கில் எந்தப் போட்டி நடந்தாலும் தம்பியை ஸ்கோரர் மேஜைப் பக்கம் வந்து நிற்கச் சொல்லுங்கள். தாளைக் காட்டச் சொல்கிறேன்.